பாட்டி சொன்ன இங்கிலீஷ்

ஒய்-டூ-கே என்று ஒரு மகராசி இருந்தாள், ஞாபகம் இருக்கிறதா? 2000-ம் வருஷம் பிறந்ததும் உலகத்துக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் 1900 என்று நினைத்துக்கொண்டு குப்புற விழும் என்று பயமுறுத்தினார்களே, அவளேதான். அவள் புண்ணியத்தில் 1998-ல் எட்டு மாசம் அமெரிக்காவில் குப்பை கொட்டினேன். நியூயார்க், சான்ஃபிரான்சிஸ்கோ என்று கனவு கண்டுகொண்டு பிளேன் ஏறியவனை டென்னஸி மாநிலத்தில் நாக்ஸ்வில் என்ற ஊரில் இறக்கிவிட்டார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை. அப்பலாச்சியன் மலைத்தொடர்.

ஆபீஸில் பக்கத்து சீட்டில் ஒரு தாடிக்காரர். நாற்பது வயசு, ஆறடிக்கு மேல் உயரம், கோபாலில் புலி. (கோபால் என்றால் கம்ப்யூட்டர் பாஷை. உங்கள் எதிர்வீட்டு கோபால் இல்லை.) முதல் வார மீட்டிங்கில் மேனேஜர், "வெள்ளிக்கிழமைக்குள் முடியுமா?" என்று கேட்டபோது தாடிக்காரர் நிதானமாகச் சொன்னார்: "வீ மைட் குட்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மைட் சரி. குட் சரி. ரெண்டையும் பக்கத்துப் பக்கத்தில் நிற்க வைத்தால் ரென் அண்ட் மார்ட்டின் சும்மா விடுவார்களா? ஒன்பதாம் கிளாஸில் அந்தப் புஸ்தகத்தை மனப்பாடம் செய்து முட்டி தேய்ந்தவன் நான். மீட்டிங் மினிட்ஸ் எழுதும் வேலை என் தலையில் விழுந்ததால், மைட்டை வைத்துக்கொண்டு குட்டை அடித்துவிட்டேன். வெள்ளைக்காரனுக்கே கிராமர் திருத்திய பெருமிதத்தில் அன்றைக்கு ரெண்டு டோநட் சேர்த்துச் சாப்பிட்டேன்.

மறுநாள் அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு வந்தார். முகத்தில் கோபம் இல்லை. அதுதான் சங்கடமாக இருந்தது.

"நான் சொன்னதைத் திருத்தியிருக்கே."

"கிராமர் கொஞ்சம்..." என்று இழுத்தேன்.

"மூணாம் கிளாஸ் டீச்சர் இதுக்கு ஸ்கேலால அடிச்சாங்க. நீ பேனாவோட நிறுத்திட்டே. முன்னேற்றம்தான்" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

அப்புறம் ஒரு வாரம் காபி மெஷினுக்குச் சுற்று வழியில் போய்வந்தேன்.

சமாதானம் வந்தது அவர் பெண்ணின் ஹோம்வொர்க் மூலமாக. பத்து வயசுப் பெண். ஸ்கூலில், 'உன் குடும்பம் எந்த நாட்டிலிருந்து வந்தது, எழுதிக்கொண்டு வா' என்று கேட்டிருக்கிறார்கள். பக்கத்து பெஞ்ச் பெண் இத்தாலி, இன்னொரு பையன் ஜெர்மனி. இவள் அப்பாவைக் கேட்க, அப்பா அவர் அப்பாவுக்கு போன் போட, அவர், "நாம சும்மா அமெரிக்கன்தான், வேலையைப் பாரு" என்று வைத்துவிட்டார்.

"உனக்கு உங்க ஊர் தெரியுமா?" என்று தாடிக்காரர் என்னைக் கேட்டார். நான் அப்பா ஊர், தாத்தா ஊர், குலதெய்வம் இருக்கிற ஊர், அங்கே பஸ் நிற்கிற இடம் வரைக்கும் ஒப்பித்தேன். அவர் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அப்போதுதான் அவர் முகத்தில் பொறாமை மாதிரி ஒன்றைப் பார்த்தேன். அமெரிக்கன் ஒருத்தன் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டது என் சரித்திரத்தில் அது ஒருதரம்தான்.

இவர் மட்டும் இப்படி இல்லை. 1990 சென்ஸஸில் 'உங்கள் பூர்வீகம் என்ன?' என்ற கேள்விக்கு சுமார் 1 கோடியே 24 லட்சம் பேர் 'அமெரிக்கன்' என்று எழுதிக் கொடுத்தார்கள். 2000-ல் அது 2 கோடியைத் தாண்டிவிட்டது. இந்த மாதிரி எழுதுகிறவர்கள் மற்ற இடங்களைவிட இந்த மலைப் பிரதேசத்தில் அதிகம். வந்த வழி மறந்துபோகிற அளவுக்கு முன்னாலேயே வந்தவர்கள்.

அந்த சனிக்கிழமை, "மாமாவைப் பார்க்கப் போறேன், வரியா?" என்றார். தாய்மாமன் வீட்டு விருந்து என்று நினைத்து சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பினேன். மலைக்கு மேல் ஒன்றரை மணி நேரம். தகர வாசலில் நின்று வரவேற்றது 84 வயசுக் கிழவி. அந்தப் பக்கத்தில் பாட்டிக்குப் பெயர் 'மேமா'வாம். தாத்தா 'பாப்பா'. நம் ஊரில் போய் இதைச் சொன்னால் ஒரு குடும்பமே குழம்பும்.

வராந்தாவில் உட்கார்ந்தோம். காற்று சில்லென்று அடித்தது. பாட்டி சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "இட்ஸ் ஏரிஷ்" என்றாள். என் காதில் ஐரிஷ் என்று விழுந்தது. ஆஹா, ஹோம்வொர்க்குக்கு விடை கிடைத்துவிட்டது என்று, "அப்ப நீங்க ஐரிஷ்தானா?" என்றேன் உற்சாகமாக. பாட்டி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "கதவைச் சாத்துடா, குளிருதுன்னு சொன்னேன்" என்றாள் பேரனிடம்.

ஆனால் வேடிக்கை என்னவென்றால், தப்பான கேள்விக்குச் சரியான விடை அங்கேயே இருந்தது. 'ஏரிஷ்' என்றால் குளிர்காற்று. ஸ்காட்லாந்து பாஷை. எதிரே இருப்பதற்கு அந்தப் பாட்டி 'ஃபர்நென்ஸ்ட்' என்பாள். அதுவும் ஸ்காட்லாந்து. காகிதப் பைக்கு 'போக்'. அதுவும்தான். அந்த 'மைட் குட்' இருக்கிறதே, நான் பேனாவால் கொலை செய்தது, அது ஸ்காட்லாந்திலும் அயர்லாந்தின் வடக்கு மூலையான அல்ஸ்டரிலும் காலம்காலமாகப் புழங்குகிற பிரயோகம். அதற்கென்று தனிக் கிராமர் உண்டு. எந்த ரெண்டைச் சேர்க்கலாம், எதைச் சேர்க்கக்கூடாது, எது முன்னால், எது பின்னால் என்று பாட்டிக்குத் துல்லியமாகத் தெரியும். ரென்னுக்கும் மார்ட்டினுக்கும்தான் தெரியவில்லை.

பசிக்கிறதா என்று கேட்டு, பாட்டி ஒரு மண்ஜாடியை எடுத்துவந்தாள். பக்கத்துப் பண்ணை மாட்டுப் பாலைக் காய்ச்சாமல் அப்படியே வைத்துப் புளிக்க விட்டது. பெயர் 'கிளாபர்'. அயர்லாந்தின் கேலிக் பாஷையில் உறைந்த பாலுக்கு இருந்த பெயர், அல்ஸ்டர் ஜனங்கள் வாயில் புகுந்து அட்லாண்டிக்கைத் தாண்டி வந்திருக்கிறது. சோள ரொட்டியை அதில் பிட்டுப் போட்டு அவர்கள் சாப்பிட்டார்கள். நான் ஜாடியை முகர்ந்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஐயா, தயிர்! சர்க்கரை போட்டு, ஸ்ட்ராபெரி போட்டு டப்பாவில் விற்கிற அந்தப் பசை இல்லை. தயிர். "கொஞ்சம் சாதம் வடிக்க முடியுமா பாட்டி?" என்றேன். நான் உப்புப் போட்டுப் பிசைந்து கையால் சாப்பிடுவதைக் கிழவி வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். "பையன் பசியோட இருந்திருக்கான்" என்றாள் பேரனிடம், குற்றம் சாட்டுகிற குரலில்.

இனி கொஞ்சம் சரித்திரம். தூங்குகிறவர்கள் கடைசிப் பாராவில் எழுந்துகொள்ளலாம்.

ஸ்காட்லாந்துக்கும் அல்ஸ்டருக்கும் நடுவில் கடல் ரொம்பக் குறுகின இடத்தில் சுமார் 20 கிலோமீட்டர்தான். தாம்பரத்திலிருந்து பாரிமுனைக்குக் கொஞ்சம் குறைச்சல். 1607-ல் அல்ஸ்டரின் ஐரிஷ் பிரபுக்கள் நாட்டை விட்டு ஓடிப்போக, ராஜா முதலாம் ஜேம்ஸ் அவர்கள் நிலத்தைப் பறிமுதல் செய்து, 1609-லிருந்து ஸ்காட்லாந்துக்காரர்களையும் இங்கிலீஷ்காரர்களையும் கொண்டுவந்து குடியேற்றினார். கத்தோலிக்க ஐரிஷ்காரர்கள் கலகம் பண்ணாமல் இருக்க நடுவில் ஒரு ப்ராட்டஸ்டன்ட் வேலி. உள்ளூர்க்காரன் நிலத்தைப் பிடுங்கி வெளியூர்க்காரனுக்குக் கொடுத்தால் என்ன ஆகும்? இன்றுவரை வட அயர்லாந்தில் அது ஆறாத புண்.

சரி, வேலியாக நட்டவர்களையாவது நன்றாக வைத்துக்கொண்டார்களா? இல்லை. இவர்கள் ப்ரெஸ்பிடீரியன் பிரிவு. ராஜாவின் சர்ச் வேறு. 1704-ல் ஒரு சட்டம் போட்டு, ராஜாவின் சர்ச்சில் நற்கருணை வாங்காதவனுக்கு அரசாங்க உத்தியோகம் கிடையாது என்றார்கள். போகாத சர்ச்சுக்குத் தசமபாகம் கட்டவேண்டும். இவர்கள் பாதிரியார் செய்துவைத்த கல்யாணம் செல்லாது என்று வேறு தகராறு. குத்தகைக் காலம் முடிந்ததும் நிலச்சுவான்தார் வாடகையை ஏற்றினான். மழை பொய்த்தது. லினன் நெசவு படுத்தது. 1718 வாக்கில் மூட்டை கட்ட ஆரம்பித்தார்கள். 1775-க்குள் அட்லாண்டிக்கைத் தாண்டியவர்கள் லட்சத்துக்குக் குறையாது, ரெண்டு லட்சத்துக்கு மேலேயே இருக்கும் என்று சொல்கிறவர்களும் உண்டு.

பெரும்பாலோர் இறங்கியது பிலடெல்ஃபியா பக்கம். அங்கே பென்சில்வேனியாவின் நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஜேம்ஸ் லோகன் என்பவரும் அல்ஸ்டரில் பிறந்தவர்தான். எல்லைப்புறத்தில் செவ்விந்தியர்களுக்கு எதிரே நிறுத்த தைரியசாலிகள் வேண்டும் என்று நினைத்து இவர்களுக்கு நிலம் கொடுத்தார். கவனித்தீர்களா, மறுபடியும் வேலி! சீக்கிரமே லோகன் தலையில் அடித்துக்கொண்டார். வேறு யாரிலும் ஐம்பது குடும்பம் கொடுக்கிற தலைவலியை இவர்களில் அஞ்சு குடும்பம் கொடுக்கிறது என்று எழுதிவைத்திருக்கிறார். பட்டா, பத்திரம், பைசா எதுவும் இல்லாமல் காலியிடத்தில் உட்கார்ந்துகொண்டு, 'கிறிஸ்தவனுக்கு உழ நிலம் இல்லாதபோது இவ்வளவு பூமி சும்மா கிடப்பது கடவுளுக்கே அடுக்காது' என்று நியாயம் பேசினார்களாம். புறம்போக்கு வாதத்தை இவ்வளவு பக்தியோடு யாரும் பேசியதில்லை.

நல்ல நிலமெல்லாம் முன்னால் வந்தவர்கள் கையில். எனவே இவர்கள் தெற்கே, ஷெனண்டோவா பள்ளத்தாக்கு வழியாக, வர்ஜீனியா, கரோலினா என்று வண்டி கட்டிக்கொண்டு போய் மலையேறினார்கள். ராஜா என்றாலே ஆகாது. 1780-ல் இங்கிலாந்து ராணுவ மேஜர் ஃபெர்குசன், 'சரணடையாவிட்டால் மலை தாண்டி வந்து தலைவர்களைத் தூக்கில் போட்டு ஊரைக் கொளுத்துவேன்' என்று சொல்லியனுப்பினார். அவர் வரும்வரை யார் காத்திருப்பது? மலைக்காரர்கள் துப்பாக்கியோடு தாங்களே தாண்டிப் போய், கிங்ஸ் மவுன்டன் என்ற இடத்தில் ஒரு மணி நேரத்துச் சொச்சத்தில் கதையை முடித்தார்கள். ஃபெர்குசன் செத்தார். இதில் அவரும் ஒரு ஸ்காட்லாந்துக்காரர். 1791-ல் சுதந்திர சர்க்கார் விஸ்கிக்கு வரி போட்டபோது அதற்கும் கலகம். 1794-ல் ஜார்ஜ் வாஷிங்டனே 13,000 பேரோடு கிளம்ப வேண்டியிருந்தது. அதற்கப்புறம் மலைக்குள் கள்ளச்சாராயம். அதை ராத்திரியில் கடத்தப் போலீஸை முந்துகிற கார் வேண்டும். அந்த டிரைவர்களில் சிலர்தான் 1948-ல் ஆரம்பித்த நாஸ்கார் கார் பந்தயத்தின் ஆரம்பகால ஹீரோக்கள். ஜூனியர் ஜான்சன் என்ற சாம்பியன் சாராயக் கேஸில் 1956-ல் ஜெயிலுக்குப் போனவர். முப்பது வருஷம் கழித்து ரீகன் மன்னிப்புக் கொடுத்தார்.

தாடிக்காரர் இதையெல்லாம் ஒரு போதையோடு படிக்க ஆரம்பித்தார். நாக்ஸ்வில் லைப்ரரியில் மக்லங் கலெக்ஷன் என்று ஒரு பகுதி உண்டு. பழைய சென்ஸஸ், உயில், பத்திரம் எல்லாம் மைக்ரோஃபிலிமில். சனிக்கிழமைகளில் நானும் துணைக்குப் போனேன். (ஏ.ஸி. நன்றாக இருக்கும்.) 1850-க்கு முந்தின சென்ஸஸில் குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான், மற்றவர்கள் வெறும் எண்ணிக்கை. 1850-லிருந்துதான் வீட்டில் இருந்த ஒவ்வொருவர் பெயரும், பிறந்த இடமும். அந்தச் சுருளைச் சுற்றிச் சுற்றி, டென்னஸியிலிருந்து வட கரோலினா, அங்கிருந்து வர்ஜீனியா என்று பின்னாலேயே போய், கடைசியில் வர்ஜீனியாவில் ஒரு சர்ச் மயானத்துக் கல்லில் மூச்சு விட்டார். பாசி படிந்த கல். 'ஆன்ட்ரிம் ஜில்லாவில் பிறந்தவர்' என்று ஒரு வரி. ஆன்ட்ரிம், அல்ஸ்டரில் இருக்கிறது. ஸ்காட்லாந்தைப் பார்த்த கரை.

அன்றைக்கு ராத்திரி எனக்கு போன் செய்து, "எனக்கும் ஊர் இருக்கு" என்றார். பஸ் நிற்கிற இடம் மட்டும்தான் பாக்கி.

அப்புறம் அவரைப் பிடிக்க முடியவில்லை. 'ஹில்பில்லி' என்று கேலி செய்வார்களே, அது வில்லியம் ராஜாவின் கட்சிக்காரர்களான 'பில்லி பாய்ஸ்' என்பதிலிருந்து வந்தது என்று எங்கோ படித்துவிட்டு எல்லோரிடமும் சொன்னார். அது கட்டுக்கதை. அந்தப் பெயர் அச்சில் தலைகாட்டுவதே 19-ம் நூற்றாண்டின் கடைசியில்தான். வில்லியம் செத்து அதற்குள் இருநூறு வருஷம் ஆகப்போகிறது. அதேமாதிரி மலைச் சங்கீதம் முழுக்க அல்ஸ்டர் சொத்து என்றார். ஃபிடில் வாசிப்பில் பாதி அப்படித்தான். ஆனால் கூடவே டொடங் டொடங் என்கிற பாஞ்சோ? ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வாத்தியம். மடியில் வைத்து வாசிக்கிற டல்சிமர் ஜெர்மன்காரர்களிடமிருந்து வந்தது. 1991-ல் ஃப்ராங்க் எக்ஸ் வாக்கர் என்ற கறுப்புக் கவிஞர் 'அஃப்ரிலாச்சியன்' என்று ஒரு புது வார்த்தையே செய்தார், நாங்களும் இந்த மலைக்காரர்கள்தான் என்று ஞாபகப்படுத்த. 'ஸ்காட்ச்-ஐரிஷ்' என்ற லேபிளே 1840-களில் பஞ்சத்தில் அடிபட்ட கத்தோலிக்க ஐரிஷ்காரர்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கியபோது, 'நாங்க அவங்க இல்லை' என்று காட்டிக்கொள்ளத்தான் பிரபலமாச்சு. அதுவரை வெறும் ஐரிஷாக இருந்ததில் யாருக்கும் கூச்சம் இல்லை. பூர்வீகம் தேடுகிறவன் தனக்குப் பிடித்த தாத்தாவைத்தான் முதலில் கண்டுபிடிக்கிறான்.

நான் திரும்புவதற்கு ரெண்டு வாரம் இருந்தது. லைப்ரரியில் ஒரு சுருளைப் பார்த்துக்கொண்டிருந்தவர் கையை எடுத்துவிட்டார். என்ன என்று எட்டிப் பார்த்தேன். பாட்டி பிறந்த பண்ணை, டென்னஸியின் தென்கிழக்கு மூலையில். அந்த நிலத்தை அவர் முன்னோர் வாங்கிய பத்திரம். 1839. அது செரோக்கி இனத்தாரின் பூமி. 1838-ல் ராணுவம் அவர்களைத் துப்பாக்கி முனையில் வளைத்து, முகாம்களில் அடைத்து, மிசிசிப்பிக்கு மேற்கே நடத்திக்கொண்டு போன பிறகு விற்பனைக்கு வந்தது. சுமார் 16,000 பேர். வழியிலும் முகாமிலுமாக 4,000 பேர் செத்தார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. 1830-ல் அதற்குச் சட்டம் கொண்டுவந்த ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்சனின் பெற்றோர் 1765-ல் அல்ஸ்டரிலிருந்து வந்தவர்கள், அதே ஆன்ட்ரிம் ஜில்லா. அந்தச் சட்டத்தை எதிர்த்து ஓட்டுப் போட்டு, அடுத்த எலெக்ஷனில் சீட்டைப் பறிகொடுத்த டேவி க்ராக்கெட்டின் முன்னோரும் அல்ஸ்டர் வழியாக வந்தவர்கள்தான் என்பதையும் சொல்லவேண்டும்.

மறுபடி பாட்டி வீட்டுக்குப் போனோம். அந்த மலைகளில் பாதிக் குடும்பங்களில், 'எங்க கொள்ளுப்பாட்டி செரோக்கி இளவரசி' என்று ஒரு கதை உண்டு. செரோக்கிகளிடம் ராஜாவும் கிடையாது, இளவரசியும் கிடையாது என்பது வேறு விஷயம். இந்தப் பாட்டி அப்படி எதுவும் சொல்லவில்லை. பேரன் பத்திரத்தைப் பற்றிச் சொன்னதும் கொஞ்ச நேரம் பீன்ஸ் நார் உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஊத்துக்குப் பின்னால பீச் மரங்க இருந்தது. ரொம்பக் கிழட்டு மரம். அது நாம நட்டது இல்லைன்னு எங்க பாட்டி சொல்லும். யார் நட்டாங்கன்னு கேட்டா, சாப்பிடுன்னு சொல்லிடும்."

வேறு யாரும் பேசவில்லை. திரும்பும்போது காரில் ரேடியோகூட இல்லை.

பெண்ணின் ஹோம்வொர்க் அதற்குள் எப்போதோ கொடுத்து முடிந்திருந்தது. 'ஆன்ட்ரிம், அல்ஸ்டர்' என்று எழுதி ஸ்டார் வாங்கியிருந்தாள். தாடிக்காரர் அந்த நோட்டை வாங்கி, கீழே இன்னொரு வரி எழுதச் சொன்னார்: 'எங்களுக்கு முன்னால் இங்கே செரோக்கிகள் இருந்தார்கள்.' அதற்கு ஸ்டார் கிடைத்ததா என்று நான் கேட்கவில்லை.

ஊருக்கு வந்த பிறகு வருஷத்துக்கு ஒரு கிறிஸ்துமஸ் கார்டு. ஒருதரம் எழுதியிருந்தார்: புவியியல்காரர்கள் சொல்வதைப் பார்த்தால் அப்பலாச்சியன் மலையும், ஸ்காட்லாந்து, அல்ஸ்டர் மலைகளும் ஒருகாலத்தில் ஒரே தொடராம். சுமார் 20 கோடி வருஷத்துக்கு முன்னால் நடுவில் அட்லாண்டிக் பிளந்து தனித்தனியாகப் போயிற்றாம். 'எங்க ஆட்கள் மலையை விட்டு நகரவே இல்லை, அதன் இன்னொரு பாதிக்குப் போனாங்க, அவ்வளவுதான்' என்று முடித்திருந்தார். 2016-ல் 'ஹில்பில்லி எலிஜி' என்று ஒரு புத்தகம் வந்து சக்கைப்போடு போட்டது. தன்னை ஸ்காட்ஸ்-ஐரிஷ் மலைக்காரன் என்று அதில் சொல்லிக்கொண்ட ஜே.டி. வான்ஸ் 2025-ல் துணை ஜனாதிபதியே ஆனார். தாடிக்காரருக்கு அந்தப் புத்தகம் பிடிக்கவில்லை. 'என் பாட்டி அதில் இல்லை' என்று ஒரே வரி எழுதினார்.

ஆனால் நான் பத்திரமாக வைத்திருப்பது 2004-ல் வந்த கார்டைத்தான். அந்த வருஷம் மைக்கேல் மான்ட்கமரியும் ஜோசப் ஹாலும் தொகுத்த ஸ்மோக்கி மலை இங்கிலீஷ் அகராதி வெளியாயிருந்தது. மான்ட்கமரி ஆயுளில் பெரும்பகுதியை இந்த மலைப் பேச்சுக்கும் அல்ஸ்டர் பேச்சுக்கும் உறவு தேடியே கழித்தவர். தாடிக்காரர் அதைத் தூக்கிக்கொண்டு போய் 90 வயசுப் பாட்டிக்கு ஒவ்வொரு வார்த்தையாகப் படித்துக் காட்டினாராம். கிழவி கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதெல்லாம் புஸ்தகத்தில இருக்கா?" என்றாளாம்.

"இருக்கு மேமா."

"அப்ப அந்த டீச்சர்கிட்ட போய்ச் சொல்லுடா."

"உன் டீச்சரா, என் டீச்சரா?"

"ரெண்டு பேர்கிட்டயும். அப்புறம், அந்தத் தயிர் சாதம் தின்ன பையன்கிட்டயும்."